சக்தியும் வேகமும்

கொள்ளேகால் தாலுகாவின் எல்லையில் வீழும் காவிரியைக் கொண்டு, சிவசமுத்திரத்தில் மின்சாரம் உற்பத்தி செய்து, ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலுக்கு 1902ஆம் வருஷம் ஜூன் மாத இறுதியில் அனுப்பத் தொடங்கியது மைசூர் சமஸ்தானம். அம்முயற்சிக்கு மூலபுருஷரான திவான் சேஷாத்ரி ஐயர், அதன் பூர்த்தியைக் காணாமலே 1901இல் காலமானார்.

நெடுந்தூரக் கம்பியை உலகம் வியந்தது. ஆனால் கம்பி முடியும் இடத்திலும் ஒரு நுட்பமான காரியம் காத்திருந்தது: நீராவி யந்திரத்தின் இடத்தில் மின்சார மோட்டாரைப் பூட்டுவது. நீராவி யந்திரம் நிதானமாகச் சுழன்று, நிலையிலிருந்தே கனத்த சுமையை இழுக்க வல்லது. மாறுமின்சார மோட்டாரின் வேகமோ மின்னோட்டத்தின் அலைவுக்குக் கட்டுண்டது. அன்றைய சிவசமுத்திர மின்சாரம் நொடிக்கு 25 சைக்கிளாக இருந்தமையால், 8 துருவங்களுள்ள மோட்டார் நிமிஷத்துக்குச் சுமார் 375 சுற்றுக்கள் சுழலும். தாதுக்கல்லை நொறுக்கும் இரும்பு உலக்கைகளோ நிமிஷத்துக்கு ஏறத்தாழ 100 முறை விழுபவை. ஒரு சுற்றுக்கு இருமுறை உலக்கையைத் தூக்கும் தண்டு 50 சுற்றுக்கள் சுழன்றாலே போதும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள ஏழரை மடங்கு வித்தியாசத்தைப் பெரிதும் சிறிதுமான கப்பிகளையும், இடியின் அதிர்ச்சியைத் தாங்கி நெகிழும் வார்ப்பட்டைகளையும் கொண்டு சமன் செய்ய இயலும்.

வண்டிகளில் இப்பிரச்சினை வேறு ரூபம் கொண்டது. 1895இல் சென்னையில் ஓடத் தொடங்கி 1953இல் நின்ற மின்சார டிராம், இத்தேசத்திலேயே முதலாவது. அக்கால டிராம்களில் பொதுவாக அமைந்த நேர்மின்சார மோட்டார் புறப்படும்போதே மிகுந்த இழுவை தருவதால், மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரே ஜோடிப் பல்சக்கரம் போதுமானதாயிற்று.

பழைய ஜீப்பின் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி மோட்டார் பூட்ட நினைப்பவரும் இந்தக் கணக்கையே போட வேண்டும். 1,000 கிலோ எடையுள்ள வண்டி, 10 அடிக்கு 1 அடி உயரும் மலைச்சாலையில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டும் ஏறக்குறைய 10 கிலோவாட் வேண்டும். பாதி வேகத்தில் ஏறினால் 5 கிலோவாட். பல்சக்கரம் வேகத்தை வாங்கிக்கொண்டு இழுவையைத் தருமேயன்றி, சக்தியைப் படைக்காது. ஆதலால் ஏற்றத்தின் வேகத்தை முதலில் நிச்சயித்து, அதற்கேற்ற மோட்டாரைத் தேர்ந்து, பின்னரே பல்விகிதத்தை வகுப்பது விவேகமாகும்.