கட்சி துறந்து கழனி புக்கார்

அரசியலில் சலிப்புற்றோர் அதனைத் துறத்தல் எளிது. துறந்தபின் உண்ணும் நெறி காண்டலே அரிது. இதற்கு அமெரிக்கராகிய ஸ்காட் நியரிங் சரிதத்தை யாம் ஈண்டு எடுத்துக்காட்டுவோம்.

பொருளியல் கற்பித்த அவர், தம் கொள்கை காரணமாக 1915-இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தினின்று நீக்கப்பட்டார். போரை எதிர்த்து எழுதியமைக்காக 1919-இல் வழக்கு மன்றத்தில் நின்று விடுதலை பெற்றார். பின்னர்ச் சேர்ந்த பொதுவுடைமைக் கட்சியினின்றும் 1930-இல் பிணங்கி வெளிப்போந்தார்.

1932-இல் ஹெலன் என்னும் துணைவியாருடன் வெர்மாண்ட் மலைநிலம் புக்கார். ஆண்டுக் கல்லால் மனை எடுத்தனர், காய்கறி விளைத்தனர், மேப்பிள் மரத்துப் பாகு காய்ச்சி விற்றனர். நாளில் நான்கு மணி நேரமே வயிற்றுக்குரிய உழைப்பென வகுத்து, எஞ்சிய பொழுதைக் கல்விக்கும் பொதுநலத்திற்கும் ஈந்தனர். நியரிங் நூறாண்டு நிரம்பி 1983-இல் மறைந்தார்.

எழுதுதலையும் பேசுதலையும் அவர் ஒருகாலும் விட்டாரல்லர். தன் கையால் ஈட்டிய உணவே பிறர்க்கு அஞ்சாத நாவினைத் தரும் என்பது எமது துணிபு.