சேற்றில் எழுதிய சரித்திரம்

ஆண்டு எட்டில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். பின் வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "விஜயன் வாரத்துக்கு முந்தி இங்க யாரு சேர் இருந்த?" இயக்கர், நாகர் என்று ஆசிரியர் கலாசாலையில் எனக்குச் சொல்லித்தந்த விடையையே சொன்னேன். அவன் உட்கார்ந்துவிட்டான். எனக்குத்தான் திருப்தி ஏற்படவில்லை.

அந்த விடுமுறையில் கொட்டாஞ்சேனையில் சாச்சி வீட்டில் தங்கி, பஸ் ஏறி வெள்ளவத்தைப் புத்தகக் கடைகளுக்குப் போய்வந்தேன். தேடியது ஏடுகளையும் கல்வெட்டுகளையும் பற்றிய நூல்களை. மனதில் நின்றதோ ஹோர்ட்டன் சமவெளியின் சேறு.

கடல் மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கும் மேலே இருக்கிறது அச்சமவெளி. சிங்கள மக்கள் மகா எலிய என்றழைத்த இடத்துக்கு, 1831 முதல் 1837 வரை ஆண்ட தேசாதிபதி வில்மட் ஹோர்ட்டனின் பெயரை வைத்துவிட்டுப் போனார்கள் வெள்ளையர்கள். அங்கே பத்தனைப் புல்வெளிகளுக்கிடையே நீர் தேங்கும் பள்ளங்கள் உண்டு. குளிரிலும் ஈரத்திலும் செத்த புல்லும் பாசியும் முழுதாக உக்குவதில்லை. காற்றுப் புகாத நீருக்கடியில் ஆண்டுக்காண்டு படிந்து முற்றா நிலக்கரியாகிவிடுகின்றன. சுற்றுவட்டத்துப் பூக்களின் மகரந்தமும் காற்றில் வந்து அதிலே விழுகிறது. மகரந்தத்தின் வெளியோடு அபூர்வமான உறுதி கொண்டது. ஆய்வுகூடத்தில் கடும் அமிலமிட்டு மற்றதையெல்லாம் கரைத்தாலும் அது எஞ்சி நிற்கும். நுணுக்குக்காட்டியில் வைத்து, இது காட்டு மரம், இது புல், இது வரண்ட நிலத்துச் செடி என்று எண்ணிக்கொள்ளலாம். சுவீடன் தேசத்து லெனார்ட் வொன் போஸ்ட் 1916இல் இந்தக் கணக்கை அறிஞர்கள் முன் வைத்தார். எந்தப் படை எந்தக் காலத்தது என்பதைச் சொல்வது 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும் கதிரியக்கக் காபன்.

நம் நாட்டில் இதைச் செய்தவர் தொல்லியலாளர் ரத்னசிறி பிரேமதிலக. ஸ்டொக்ஹோம் பல்கலைக்கழகத்தின் ஜான் ரிஸ்பேர்க்குடன் சேர்ந்து அவர் 2003இல் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ 6 மீற்றர் ஆழச் சேற்றில் 24,000 ஆண்டுகளை வாசித்தது. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் இன்று மூடுபனி சொட்டும் அந்த இடம் வரட்சியான வெளியாக இருந்திருக்கிறது. மலைக்காடு அங்குமிங்கும் திட்டுத் திட்டாகவே நின்றது. பின்னரே தென்மேல் பருவக்காற்று வலுப்பெற்றுக் காடு விரிந்தது. தமிழ்நாட்டில் நீலகிரிச் சேற்றை ஆராய்ந்து சுகுமாரும் அவரோடிணைந்தவர்களும் 1993இல் சொன்னதும் இதற்கு ஒத்தே போகிறது. பனியுக உச்சத்தில் அங்கும் வரட்சி. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் நல்ல மழை. கடல் பிரித்தாலும் இரு மலைகளுக்கும் ஒரே வானம்தானே!

வாதம் கிளம்புவது அடுத்த செய்தியில். காட்டை எரித்ததன் தடயமும், மேய்ச்சலின் அடையாளமும், வாற்கோதுமை, ஓட்ஸ் போன்ற தானியங்களின் மகரந்தமும் அச்சேற்றில் உள்ளன என்றும், அவற்றின் தொடக்கம் 17,500 ஆண்டுகள் வரை பின்னால் போகிறது என்றும் அவ்வாய்வு சொல்கிறது. உண்மையானால் உலகின் மிகப் பழைய பயிர்ச்செய்கைகளுள் ஒன்று நம் மலையில் நடந்திருக்கிறது. விஜயன் வந்ததாகச் சொல்லப்படும் காலம் 2,500 ஆண்டுகளுக்குச் சற்று முன்னர்தான்.

எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அவசரப்பட மனம் ஒப்பவில்லை. புல்லினத்து மகரந்தங்கள் ஒன்றைப் போலவே மற்றதும் இருக்கும். தானியத்துடையது பருமனில் பெரியது என்பதே முக்கிய அடையாளம், காட்டுப்புற்கள் சிலவற்றுக்கும் அந்தப் பருமன் உண்டு. காடு மின்னலாலும் எரியும். மகரந்தத்தோடு கருகிய தானிய மணிகளும் அதே காலத்துப் படையில் கிடைத்தால்தான் வழக்குத் தீரும். ஆனால் மனிதர் இருந்தார்கள் என்பதில் ஐயமில்லை. குருவிட்டை அருகே பட்டதொம்பலென குகையில் 30,000 ஆண்டுகளுக்கும் முந்திய மனித எச்சங்கள் கிடைத்துள்ளன.

இந்த நாட்டில் முதலில் வந்தவர் யார் என்ற கேள்விக்கு எவ்வளவு இரத்தம் சிந்தியாயிற்று! அந்தக் குகை மனிதரின் பாஷை எதுவென்று எலும்பு சொல்லாது. புல்லை எரித்தவன் எந்தச் சாதி என்று மகரந்தமும் சொல்லாது. ஆனாலும் நாளை யாராவது ஒருவர் அந்த வாற்கோதுமையையும் தம் பாட்டனார் விதைத்ததாக உறுதி எழுதிக்கொள்வார் என்ற பயம் எனக்குண்டு.

கொழும்புக்கு வெளியே முத்துராஜவெலவிலும் இதே கருஞ்சேறு உண்டு. சுமார் 7,000 ஆண்டுக் கதை அதற்கு. 2013இல் திறந்த கட்டுநாயக்க நெடுஞ்சாலை அதன்மேல்தான் ஓடுகிறது.

கொட்டாஞ்சேனை என்ற பெயரிலேயே ஒரு சேனை இருப்பதை அன்றிரவு சாச்சியிடம் சொன்னேன். காடு வெட்டி எரித்துப் பயிரிட்ட இடமென்றுதான் எனக்குப் படுகிறது. சாச்சி ஜன்னலுக்கு வெளியே மாடிகளைப் பார்த்துவிட்டு, "இதுலயா?" என்று கேட்டார்.

பாடசாலை திறந்ததும் அந்த மாணவனைக் கூப்பிட்டு, பட்டதொம்பலெனவையும் ஹோர்ட்டன் சமவெளியையும் படத்தில் காட்டினேன். அவன் உடனே கேட்டான்: "அப்ப ஏன் சேர் புத்தகத்துல இல்ல?"