மணலில் கிடந்த உலோகம்

மண்டைக்காட்டுக்கு அடுத்த மணவாளக்குறிச்சிக் கரையில் அலை ஒதுக்கும் மணல் ஒரே நிறமாக இருப்பதில்லை. கறுப்புக்கும் சிவப்புக்கும் இடையே தேன் நிறத்தில் மின்னும் பருக்கைகள் மோனசைட். மலைப்பாறையிலிருந்து மழையும் ஆறும் அரித்துக் கொண்டுவந்தவை. 1909இல் ஜெர்மானிய வேதியியலர் ஷோம்பெர்க் இங்கே அதைக் கண்டுகொண்டார். அன்று அதற்கு மதிப்பு, கேஸ் விளக்கின் மேண்டிலுக்கு வேண்டிய தோரியத்தால். இன்று அங்கே ஐஆர்இஎல் (முன்னாள் இந்தியன் ரேர் எர்த்ஸ்) ஆலை மணலைப் பிரிக்கிறது. தோரியத்தோடு கலந்து கிடக்கும் அருமண் தனிமங்களில் சொற்பமாக இருக்கும் ஒன்றுதான் கடோலினியம்.

1880இல் ஜெனீவாவில் மரின்யாக் அதைக் கண்டறிந்தார். அதன் அயனியில் இணை சேராத ஏழு எலக்ட்ரான்கள் உண்டு. காந்தப்புலத்தில் அக்கம்பக்கத்து நீரின் நடத்தையை மாற்றும் வல்லமை அவற்றால் வந்தது. எம்ஆர்ஐ ஸ்கேன் வந்த பிறகே அந்தக் குணத்துக்கு வேலை கிடைத்தது. தனியாக உடலில் விட்டால் நஞ்சு. நண்டு பிடித்ததுபோல் இன்னொரு மூலக்கூறு அதைக் கவ்விக்கொண்ட பிறகு, 1988இல் அமெரிக்காவில் ஊசிமருந்தாக அனுமதி பெற்றது. 

அந்த ஊசி யாருக்கு வேண்டும்? கெண்டைக்கால் பருத்து, தொடையில் கையூன்றி எழும் பையனை நினைத்துப்பாருங்கள். "எழும்ப மடி அவனுக்கு" என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். டுஷேன் தசைச்சிதைவு அது. டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் இல்லாததால் தசை நைந்துபோகிறது. இதயமும் தசைதானே, அதுவும் நையும். ஆனால் நாளடைவில் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டவன் ஓடுவதில்லை, படி ஏறுவதில்லை. மூச்சிரைத்து நோய் தன்னைக் காட்டிக்கொடுக்க வழியே இல்லை. எக்கோ ஸ்கேனும் ஆரம்பத்தில் பல நேரம் குறையில்லை என்றே சொல்லும். இந்த மௌனம்தான் என்னை அச்சுறுத்துகிறது.

கை நரம்பில் ஏற்றிய கடோலினியம் உயிருள்ள தசைச்செல்லுக்குள் புகாது. நல்ல தசையை விட்டுச் சீக்கிரம் வடிந்துவிடும். செல்கள் மடிந்து தழும்பேறிய இடத்திலோ தேங்கி நிற்கும். பத்து நிமிடம் போல் கழித்து எடுக்கும் எம்ஆர்ஐ படத்தில், கறுத்த தசைக்கு நடுவே அந்தத் தழும்பு வெள்ளையாகத் தெரியும். மாரடைப்புத் தழும்பு இதயச் சுவரின் உள்புறத்திலிருந்து வளரும். டுஷேனில் பெரும்பாலும் இடது கீழறைப் பக்கச்சுவரின் வெளிப்புறத்தில் தொடங்கும். ஆண்டுக்காண்டு எடுத்த படங்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் அது பரவிய வழி தெரியும்.

தெரிந்து என்ன பயன் என்று கேட்கலாம். 2015இல் வெளியான ஆய்வில், படத்தில் பாதிப்புத் தெரிந்தும் இதயத்தின் ஆற்றல் குன்றாத பையன்களுக்கு எப்ளெரினோன் மாத்திரை கொடுத்தார்கள். ஓராண்டில் இதயத்தசையின் சரிவு மட்டுப்பட்டிருந்தது. முன்கூட்டிப் பார்ப்பதற்கு இதைவிட வேறு நியாயம் வேண்டாம்.

வேலை முடிந்த உலோகத்தில் பெரும்பகுதி ஓரிரு நாளில் சிறுநீரில் வெளியேறிவிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இதைத் தருவதில் அதனால்தான் எச்சரிக்கை வேண்டும். அப்படி வெளியேறிய கடோலினியம் கழிவுநீரோடு போய் ஜெர்மனியின் ரைன் ஆற்றில் கலந்திருந்ததை 1990களிலேயே கண்டறிந்தார்கள்.

டுஷேன் என்று உறுதியான அன்றே பிள்ளையின் இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சின்ன வயதில் எக்கோ போதும். மயக்கமருந்து இல்லாமல் அசையாமல் படுக்கத் தெரிந்ததும் எம்ஆர்ஐ பற்றிக் கேளுங்கள். பிறகு ஆண்டுதோறும் தவறவிடாதீர்கள். மூச்சு வாங்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.