செப்பேட்டில் நின்ற சாட்சிகள்

யஹூதிகளின் பழைய வரலாறு என்றவுடன் நம் நினைவு மிஸ்ருக்கும் சீனாய் மலைக்கும் பைத்துல் முகத்தஸுக்கும் சென்றுவிடும். மூஸா (அலை), தாவூது (அலை), சுலைமான் (அலை) ஆகிய நபிமார்களின் சரித்திரங்களைச் சிறு வயதிலேயே மத்ரஸாவில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அந்தச் சமூகத்தாரின் வரலாற்று ஆவணங்களுள் ஒன்று நம் மொழியில், வட்டெழுத்தில், செம்பிலே பொறிக்கப்பட்டிருக்கிறது என்பதை நம்மில் பலர் அறியார். அதற்கும் முந்திய வேறொரு செப்பேட்டில் அவர்களுடைய கையொப்பங்களும் முஸ்லிம்களின் அரபுக் கையொப்பங்களும் ஒரே உடன்படிக்கைக்குச் சாட்சியாக நிற்கின்றன. கேள்விச் செய்தி எது, சான்று எது என்று பிரித்தறிய விரும்புவோர்க்கு இவ்வரலாறு ஒரு நல்ல பாடம். அப்பாடம் யஹூதிகளைப் பற்றியது மட்டுமன்று, நம்மையும் பற்றியது.

கொச்சி யஹூதிகளிடையே தம் வருகையைப் பற்றி இரண்டு மரபுகள் உண்டு. சுலைமான் நபியின் கப்பல்களோடு வந்தோம் என்பது ஒன்று. கி.பி. 70-ஆம் ஆண்டில் உரோமத் தளபதி தீத்து எருசலேம் ஆலயத்தை அழித்தபோது தப்பி வந்து கொடுங்கல்லூரில் கரையேறினோம் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் இன்றைய ஆராய்ச்சியின் உரைகல்லில் வைத்துப் பார்ப்போம்.

முதல் மரபுக்குத் துணையாகச் சொல்லப்படுவது ஒரு சொல். சுலைமான் நபியின் கப்பல்கள் கொண்டுவந்த பொருள்களைக் கூறும் எபிரேய வேதப் பகுதியில் ‘துக்கி’ என்னும் சொல் வருகிறது. அதற்கு மயில் என்று பொருள் கொள்வது பழைய வழக்கு. கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில் அது நம் ‘தோகை’யே என்று வாதிட்டார். அதை ஏற்போரும் உண்டு. அச்சொல் வேறொரு விலங்கைக் குறிக்கும் என்று மறுப்போரும் உண்டு. ஏற்றுக்கொண்டாலும் அதனால் பெறப்படுவது என்ன? சொல்லும் சரக்கும் பல கைகள் மாறிக் கடல் கடக்கும். மிளகு சென்ற ஊருக்கெல்லாம் மிளகு பயிரிட்டவன் செல்லவில்லை. ஆகவே ஒரு சொல்லைக்கொண்டு ஒரு குடியேற்றத்தை நிறுவ இயலாது.

இரண்டாம் மரபு பேசும் காலத்துக்கு வந்தால் சான்றுகள் பெருகுகின்றன. அக்காலத்துப் பெருவழி ஒன்று நம் திண்டுக்கல் சமவெளியையும் தொட்டுச் சென்றது. மேலைக் கடற்கரையின் முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்கு நாடு புகுந்து, பழனி மலையடிவாரத்தைக் கடந்து மதுரைக்குச் சென்ற வணிக வழி அது. பழனிக்கு அருகில் உள்ள பொருந்தலில் 2009, 2010-ஆம் ஆண்டுகளில் புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. இராஜன் நடத்திய அகழாய்வில் கண்ணாடி மணிகளும் கல்மணிகளும் ஆயிரக்கணக்கில் வெளிப்பட்டன. ஈமச்சின்னத்துள் வைக்கப்பட்டிருந்த நெல்மணிகளின் காலம் ஏறத்தாழ கி.மு. 490 என்று கணிக்கப்பட்டது. இதே பழனி வட்டாரத்தில் 1856-ஆம் ஆண்டு உரோமப் பொற்காசுப் புதையல் ஒன்றும் கிடைத்தது. நாம் இன்று பேருந்தில் கடக்கும் வழியில் அன்று உரோமப் பேரரசின் பொன் நடமாடியது என்பது வெறும் புனைந்துரையன்று.

வழியின் மறுமுனையிலும் சான்றுகள் உள்ளன. மிஸ்ரின் செங்கடல் துறைமுகமான பெரனீகேயில் 1999-ஆம் ஆண்டு ஓர் ஆலயப் பகுதியைத் தோண்டியபோது, இந்தியாவில் வனைந்த பெரிய தாழியில் ஏழரை கிலோ மிளகு அப்படியே இருந்தது. தமிழ்ப் பெயர்கள் கீறப்பட்ட ஓடுகளும் அக்கரையில் கிடைத்தன. வியன்னாவில் உள்ள கிரேக்கப் பாப்பிரசு ஏடு ஒன்று 1985-இல் பதிப்பிக்கப்பட்டது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டினதான அவ்வேடு முசிறி வணிகத்துக்காகச் செய்துகொண்ட கடன் ஒப்பந்தத்தையும், ஹெர்மாபொல்லோன் என்னும் கப்பலில் வந்த சரக்கின் கணக்கையும் தருகிறது. கேரளத்தின் பட்டணம் என்னும் சிற்றூரில் 2007 முதல் நடந்த அகழாய்வில் மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடித் துண்டுகளும் ஒற்றை மரத்தோணி ஒன்றும் வெளிப்பட்டன. பழைய முசிறி அங்கேதான் இருந்தது என்பது ஆய்வாளர் பலரின் முடிவு.

இவ்வணிகத்தில் யஹூதிகளுக்குப் பங்கு உண்டா? உண்டு, அதற்கும் ஓட்டுச் சில்லே சாட்சி. மிஸ்ரில் கிடைத்த சரக்கு ஏற்றுமதிக் குறிப்புகளில் மார்க்கு யூலியு அலெக்சாந்தர் என்பவரின் பெயர் கி.பி. 40-களில் வருகிறது. செங்கடல் துறைகளில் அவருக்கு முகவர்கள் இருந்தனர். அவர் அலெக்சாந்திரியாவின் யஹூதித் தத்துவ ஞானி பைலோவின் உடன்பிறந்தார் மகன். அவருடைய தந்தையார் எருசலேம் ஆலயத்தின் வாயில்களுக்குப் பொன்னும் வெள்ளியும் போர்த்தினார் என்று வரலாற்றாசிரியர் யோசேபசு எழுதுகிறார். விதியின் விளையாட்டைப் பாருங்கள். தந்தை பொன்போர்த்திய அவ்வாலயம் கி.பி. 70-இல் முற்றுகையிடப்பட்டபோது, மார்க்குவின் உடன்பிறந்தாரான திபேரியு யூலியு அலெக்சாந்தர் தீத்துவின் படையில் உயர்ந்த பதவி வகித்தார்!

எனவே இந்தியக் கடல் வணிகத்தில் யஹூதிக் குடும்பம் ஒன்றின் முதல் இருந்தது என்பது வரை நாம் துணிந்து கூறலாம். அக்காலத்திலேயே அவர்கள் கொடுங்கல்லூரில் குடியிருந்தார்கள் என்பதற்குக் கல்லோ ஓடோ இன்றுவரை சான்று தரவில்லை. நடந்திருக்கக் கூடும் என்பது வேறு. நடந்தது என்பது வேறு.

ஐயத்துக்கு இடமின்றிப் பேசும் முதற் சான்று கி.பி. 849-ஆம் ஆண்டின் கொல்லம் செப்பேடு. சேரமன்னன் தாணு இரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், வேணாட்டு அய்யனடிகள், சபீர் ஈசோ என்னும் கிறித்தவர் எடுப்பித்த தரிசாப்பள்ளிக்கு நிலமும் உரிமையும் வழங்கிய ஆவணம் அது. அதன் இறுதி ஏட்டில் மேற்காசிய வணிகர்கள் சாட்சிக் கையொப்பம் இட்டிருக்கிறார்கள். சிலர் அரபு மொழியில் கூஃபி எழுத்தில் இட்டனர். சிலர் பாரசீகத்தின் பழைய பகலவி எழுத்தில் இட்டனர். சிலர் பாரசீக மொழியை எபிரேய எழுத்தில் எழுதி இட்டனர். எபிரேய எழுத்தில் உள்ள பெயர்களுள் ஒன்றை அறிஞர்கள் ‘ஹஸன் அலீ’ என்று படித்துள்ளனர். பெயரைக்கொண்டு மார்க்கத்தையும், எழுத்தைக்கொண்டு இனத்தையும் விரைந்து முடிவு செய்வோர் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும்.

ஒரு கிறித்தவப் பள்ளிக்கு இந்து அரசர் அளித்த கொடைக்கு முஸ்லிம்களும் யஹூதிகளும் பாரசீகரும் சாட்சி நின்றார்கள். எல்லாரும் ஒருவரையொருவர் நேசித்தார்கள் என்று இதற்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் சாட்சியத்தை மற்றவர் செல்லும் என்று ஏற்றுக்கொண்டார்கள். வணிகத்துக்கும் வாழ்வுக்கும் அது போதுமானதாக இருந்தது. கொடுக்கல் வாங்கலை எழுதிவைத்துச் சாட்சியும் வைத்துக்கொள்ளுமாறு அல்பகரா அத்தியாயத்தின் மிக நீண்ட ஆயத்து ஏவுவதை அறிந்த நமக்கு இதன் அருமை விளங்கும்.

அடுத்தது யஹூதிகளுக்கே வழங்கப்பட்ட செப்பேடு. முயிரிக்கோடு என்னும் கொடுங்கல்லூரில் இருந்து சேரமன்னன் பாஸ்கர இரவி, ஈசுப்பு இரப்பான் என்னும் யஹூதித் தலைவருக்கு அஞ்சுவண்ணத்தையும் 72 உரிமைகளையும் வழங்கினான். குடை, பல்லக்கு, பகல் விளக்கு, தோரணம் முதலிய சிறப்புகளும் சுங்க விலக்கும் அவற்றுள் அடங்கும். யூசுப் என்னும் பெயர் தமிழ் நாவில் ஈசுப்பு ஆனதைக் காண நமக்கு வியப்பில்லை; நம் ஊர்களிலும் அவ்வாறே ஆயிற்று. அச்செப்பேட்டின் மொழியைத் தமிழர் தமிழ் என்பர். மலையாள அறிஞர் பழைய மலையாளம் என்பர். இரண்டு மொழிகளும் முற்றும் பிரியாத காலத்து எழுத்து அது. யஹூதி மரபு அதன் காலத்தைக் கி.பி. 379 என்று கொண்டது. மன்னனின் ஆட்சியாண்டை ஆராய்ந்த எம்.ஜி.எஸ். நாராயணன் கி.பி. 1000 என்று நிறுவினார். அறுநூறு ஆண்டுகள் குறைந்தன. ஆனால் எஞ்சியது அசைக்க முடியாததாயிற்று.

அஞ்சுவண்ணம் என்பது யஹூதிகளின் பெயர் என்றே முற்கால ஆய்வாளர் கருதினர். பாரசீகத்தின் ‘அஞ்சுமன்’ என்னும் சொல்லே இவ்வாறு திரிந்தது என்றும், மேற்காசிய வணிகர் பலரும் சேர்ந்த குழுவின் பெயர் அது என்றும் இன்று கொள்கின்றனர். தொண்டிக்கு அருகில் உள்ள தீர்த்தாண்டதானத்தில் 1269-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அஞ்சுவண்ணத்தாரைக் குறிக்கிறது. அக்காலத்தில் நம் கடற்கரையில் அப்பெயர் பெரும்பாலும் முஸ்லிம் வணிகர்க்கு உரியதாகிவிட்டது. தக்கலையில் அச்சொல் முஸ்லிம்களிடையே இன்றும் வழங்குகிறது; தோப்பில் முஹம்மது மீரான் தம் நாவல் ஒன்றுக்கு ‘அஞ்சுவண்ணம் தெரு’ என்றே பெயரிட்டார். ஒரு காலத்தில் யஹூதியும் முஸ்லிமும் கிறித்தவரும் ஒன்றாகத் தாங்கிய பெயர் அது.

கடிதங்களும் உள்ளன. கெய்ரோவின் பழைய பகுதியான ஃபுஸ்தாத்தில் யஹூதிகளின் தொழுகைக் கூடம் ஒன்று உண்டு. இறைவனின் திருநாமம் எழுதப்பட்ட தாளை எறிதல் ஆகாது என்பதால், கிழிந்த ஏடுகளை அதன் ஓர் அறையில் இட்டுவைத்தனர். அதற்கு ‘கெனீஸா’ என்று பெயர். நூல்களோடு வணிகக் கடிதங்களும் திருமண ஒப்பந்தங்களும் கணக்குச் சீட்டுகளும் அங்கே சேர்ந்தன. 1896-97-இல் சாலமன் ஷெக்டர் அவற்றில் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டு சென்றார். பின்னர் கொய்த்தீன் என்னும் பேரறிஞர் வாழ்நாளைச் செலவிட்டு அவற்றைப் படித்தார். துனீசியாவிலிருந்து வந்து 1132 முதல் 1149 வரை மங்களூர்ப் பகுதியில் வாழ்ந்த ஆபிரகாம் பின் யீஜூ என்னும் வணிகரின் வாழ்க்கை அவ்வாறு வெளிப்பட்டது. அவர் பித்தளைப் பட்டறை நடத்தினார். ஏடனில் இருந்த கூட்டாளிகளுக்கு மிளகும் பாக்கும் அனுப்பினார். அவர்கள் அவருக்கு எழுதுவதற்குக் காகிதம் அனுப்பினர்.

அக்கடிதங்களின் மொழி அரபு, எழுத்து எபிரேயம். ‘இன்ஷா அல்லாஹ்’ என்னும் சொல்லும் அவற்றில் எபிரேய எழுத்தில் வருகிறது. தமிழை அரபு எழுத்தில் எழுதி அரபுத்தமிழ் வளர்த்த நம் முன்னோர்க்கு இது புதுமையாகத் தோன்றியிராது. வாழும் நாட்டின் மொழியையும் வேதத்தின் எழுத்தையும் இணைத்துக்கொள்ளும் வழியை இரு சமூகத்தாரும் கண்டிருந்தனர்.

இனி நம்மிடம் வருவோம். யஹூதி மரபின் மீது நாம் வைத்த அளவுகோலை நம் மரபின் மீதும் வைப்பதே நீதி. சந்திரன் பிளந்ததைக் கண்ட சேரமான் பெருமாள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்று இஸ்லாத்தைத் தழுவினார் என்றும், கொடுங்கல்லூர்ப் பள்ளி 629-ஆம் ஆண்டில் எழுந்தது என்றும் நாம் பெருமையோடு சொல்லிவருகிறோம். இச்செய்தியை முதலில் ஐயுற்றவர் மேனாட்டு ஆய்வாளர் அல்லர். பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த பொன்னானி ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்களே தம் ‘துஹ்பத்துல் முஜாஹிதீன்’ நூலில், அம்மன்னர் நபியவர்களின் காலத்தவர் என்னும் பேச்சில் உண்மை குறைவு என்றும், நிகழ்ச்சி ஹிஜ்ரி இருநூறுக்குப் பின்னரே நடந்திருக்கலாம் என்றும் எழுதினார்கள். போர்த்துகேசியரை எதிர்க்க முஸ்லிம்களைத் தூண்டி எழுதிய நூல் அது. அந்நிலையிலும் சமூகத்துக்கு இனிக்கும் செய்தி என்பதற்காக ஆலிம் அதை உறுதிப்படுத்தவில்லை. ஹதீஸ் கலையில் இஸ்னாதை ஆராய்ந்து, அறிவிப்பாளரை எடைபோட்டுப் பழகிய அறிவின் நேர்மை அது. செய்தி கொண்டுவருபவனின் சொல்லைத் தீர விசாரிக்கச் சொன்ன மார்க்கத்தில் வரலாற்றுக்கு மட்டும் விலக்கு இருக்க முடியாது.

மரபை ஐயுறுவது முன்னோரை இகழ்வதாகாது. 379 என்னும் ஆண்டு போனதால் யஹூதிகளின் செப்பேடு மதிப்பிழக்கவில்லை. அவ்வாறே 629 உறுதிப்படாவிட்டாலும், 849-இல் செம்பில் அரபுக் கையொப்பமிட்ட சாட்சிகள் நமக்கு இருக்கிறார்கள். அவர்களை எவரும் மறுக்க முடியாது.

ஆயினும் சான்று என்பது தானே வந்து நிற்பதன்று. யாரேனும் அதைக் காத்திருக்க வேண்டும். நம்மிடமும் கெனீஸாவை ஒத்த வழக்கம் உண்டு. சிதைந்த முஸ்ஹபு ஏடுகளைப் பள்ளிவாசலில் ஒதுக்கி வைக்கிறோம். 1972-இல் யமன் நாட்டின் ஸன்ஆ பெரிய பள்ளிவாசலைப் பழுதுபார்த்தபோது கூரையின் உட்புறத்திலிருந்து மிகப் பழைய குர்ஆன் ஏடுகள் கிடைத்தன. தொடக்க கால எழுத்து வரலாற்றுக்கு அவை பெருந்துணை. நம் ஊர்களிலோ, ஒதுக்கிய ஏடுகளைச் சில காலம் கழித்து மண்ணில் புதைக்கிறோம். அல்லது கிணற்றில் இடுகிறோம். மரியாதையான செயல்தான். ஆனால் அந்தக் கட்டோடு அரபுத்தமிழ்க் கிதாபும், வக்பு ஓலையும், தோல் வணிகக் கணக்கும், பாட்டனாரின் பினாங்குக் கடிதமும் சேர்ந்து போய்விடுகின்றன. பள்ளிவாசலைப் புதுப்பிக்கையில் பழைய கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு பூசப்படுகிறது. மையவாடியில் மீசான் கற்கள் பெயர்க்கப்படுகின்றன.

திண்டுக்கல், பழனி, வத்தலக்குண்டு, நத்தம் முதலிய ஊர்களின் ஜமாஅத்தார்க்கு நாம் வைக்கும் வேண்டுகோள் எளியது. புதைப்பதற்கு முன் கட்டைப் பிரித்து, அரபும் தமிழும் படிக்கத் தெரிந்த ஒருவரைக்கொண்டு பாருங்கள். ஊர்ப் பெயரோ ஆண்டோ ஆள் பெயரோ உள்ள தாள் எதுவாயினும் தனியே எடுத்துப் படம்பிடித்து வையுங்கள். கல்வெட்டின் மேல் பூசுவதற்கு முன் எழுத்தைப் படியெடுங்கள். வீட்டுப் பெட்டியில் உள்ள பழைய பத்திரங்களின் படிகளைப் பள்ளிவாசலின் பதிவேட்டோடு சேர்த்துவையுங்கள்.

பெருமைக்குரிய கதைகளை எல்லாச் சமூகங்களும் வைத்திருக்கின்றன. ஏடன் வணிகர் அனுப்பிய காகிதத்தைத் தூர எறியாமல் ஓர் அறையில் போட்டுவைத்தவர்களுக்கு, எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் அவர்களுடைய வரலாறு திரும்பக் கிடைத்தது. நம் பள்ளிவாசல் அலமாரிகளில் என்ன இருக்கிறது என்பதை நாம் இன்னும் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது.