இலக்கணம் மாறிய நகரம்

நகரங்களின் வரலாற்றை எழுதுவோர் மன்னர்களையும் வணிகர்களையும் கட்டடக் கலைஞர்களையும் பேசுவர். ஒரு தெருவில் எது இருக்கலாம், எது இருக்கலாகாது என்று விதிக்கும் சட்டப் புத்தகத்தை எவரும் வாசிப்பதில்லை. ஆயினும் ஒரு தெரு தழைப்பதற்கும் மடிவதற்கும் பல வேளைகளில் அப்புத்தகமும் ஒரு காரணமாகிறது. அமெரிக்காவில் ஈரி ஏரிக்கரையில் அமைந்த பஃபலோ நகரின் கதை இதற்கு நல்ல சான்று.

1825இல் ஈரி கால்வாய் திறக்கப்பட்டதும் அதன் மேற்கு முனையில் இருந்த பஃபலோ தானிய வணிகத்தால் செழித்தது. பின்னர் எஃகுத் தொழில் அதனை வளர்த்தது. 1950ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கு 5,80,132 பேர் வாழ்ந்தனர். கீழே கடை, மேலே வீடு, தெருமுனையில் மளிகை, நடக்கும் தொலைவில் பள்ளி என்பதே அதன் பழைய பேட்டைகளின் இயல்பு.

1953இல் அந்நகரம் தனக்கொரு மண்டலச் சட்டம் இயற்றிக்கொண்டது. வீடு வேறு, கடை வேறு, ஆலை வேறு என்று நிலத்தைப் பகுப்பதே அதன் அடிப்படை. இத்தகைய பகுப்பு செல்லும் என்று யூக்ளிட் என்ற சிற்றூரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1926இலேயே தீர்ப்பளித்திருந்தது. தனி வீடுகளுக்கிடையே எழும் அடுக்குமாடி வீட்டை அத்தீர்ப்பு ஒட்டுண்ணிக்கு ஒப்பிட்டது என்பது இங்கே நினைக்கத்தக்கது. பகுப்போடு மற்றொன்றும் சேர்ந்தது: கட்டடம் எழுப்புவோர் இத்தனை கார்கள் நிறுத்த இடம் விடவேண்டும் என்ற கட்டாயம்.

தமிழ் கற்பிக்கும் நம் போன்றோர்க்கு இது விந்தையாகவே தோன்றும். இலக்கியத்தைக் கண்டு இலக்கணம் வகுப்பதே மரபு என்று நாம் மாணவர்க்குச் சொல்லித் தருகிறோம். இங்கோ இலக்கணம் பின்னால் வந்து, முன்னமே இருந்த இலக்கியத்தைப் பிழை என்றது. மக்கள் விரும்பி வாழ்ந்த பழைய தெருவொன்றை அதே வடிவில் மீண்டும் கட்ட முனைந்தால் சட்டம் குறுக்கே நின்றது.

அக்காலத்தின் மனப்போக்கை அறிய ஓர் இடம் போதும். ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்து 1906இல் எழுந்த லார்கின் அலுவலகக் கட்டடம் 1950இல் இடிக்கப்பட்டது. உலகக் கட்டடக்கலை வரலாற்றில் இடம்பெற்ற அம்மாளிகை நின்ற நிலம் கார் நிறுத்துமிடமாயிற்று.

அதன்பின் நகரம் தேய்ந்தது. 1959இல் செயின்ட் லாரன்ஸ் நீர்வழி திறக்கப்பட்டதும் கப்பல்கள் பஃபலோவைத் தொடாமலே கடலை அடைந்தன. 1980களில் எஃகுத் தொழிலும் வீழ்ந்தது. 2010இல் மக்கள்தொகை 2,61,310. வளரும் நகரத்துக்கென எழுதிய சட்டம், பாதிக்கும் கீழாகச் சுருங்கிய நகரத்தை ஆண்டுகொண்டிருந்தது. வெறுமையான பழங்கடையைப் புதுப்பிக்க வந்தவரிடமும் அது கார் நிறுத்த இடம் கேட்டது.

பல்லாண்டுக் கூட்டங்களுக்கும் விவாதங்களுக்கும் பின் 2016 டிசம்பரில் நகரமன்றம் 'பசுமைச் சட்டம்' என்ற புதிய விதித்தொகுப்பை ஏற்றது. 2017இல் அது நடைமுறைக்கு வந்தது. கட்டடத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைவிட, அது தெருவை எப்படி நோக்கி நிற்கிறது, அண்டை வீடுகளோடு எப்படிப் பொருந்துகிறது என்பதையே புதிய சட்டம் முதன்மையாகக் கருதியது. கார் நிறுத்தக் கட்டாயத்தை நகரம் முழுவதும் நீக்கியது. அமெரிக்கப் பெருநகரங்களுள் இதனை முதலில் செய்தது பஃபலோவே. தொடக்க ஆண்டுகளில் எழுந்த 36 பெருந்திட்டங்களை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு, அவற்றுள் 47 விழுக்காடு பழைய விதி கேட்டதைவிடக் குறைந்த நிறுத்திடங்களோடு அமைந்ததைக் காட்டியது. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 2,78,349. எழுபது ஆண்டுகளில் முதன்முறையாக எண்ணிக்கை ஏறியது. இந்த ஏற்றத்துக்குச் சட்டமே காரணம் என்று சொல்லிவிட முடியாது; புதிதாய்க் குடியேறிய அயல்நாட்டு அகதிகளுக்கும் அதில் பெரும் பங்குண்டு.

சட்டத்தின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். கறுப்பின மக்கள் மிகுந்து வாழும் கிழக்குப் பகுதியின் நடுவே, ஆல்ம்ஸ்டெட் வடிவமைத்த மரச்சாலையை அழித்து, 1960களில் விரைவுச்சாலை போடப்பட்டது. 2022 மே 14 அன்று அப்பகுதியின் பேரங்காடியில் இனவெறியன் ஒருவன் பத்துப் பேரைச் சுட்டுக்கொன்றான். அங்காடி மூடப்பட்ட நாள்களில், அருகே நிகரான வேறு மளிகைக் கடையின்றி மக்கள் அல்லலுற்றதை உலகம் அறிந்தது. தெருமுனைக் கடைக்குப் புதிய சட்டம் இடம் கொடுக்கலாம். முதல் போட்டுக் கடை திறப்பவரை அதனால் வரவழைக்க இயலாது.

ஆகவே சட்டத்தைத் திருத்திவிட்டால் பேட்டை உயிர்த்தெழும் என்று நாம் நம்புவதற்கில்லை. ஆனால் உயிர்த்தெழ முயலும் பேட்டையைத் தடுக்கும் வலிமை பழைய சட்டத்துக்கு உண்டு. அந்தத் தடையை அகற்ற பஃபலோவுக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அதற்குள் மூன்று தலைமுறைகள் அத்தெருக்களில் பிறந்து, வளர்ந்து, பலர் வெளியேறியும் விட்டிருந்தனர்.