நெஞ்சைத் திறந்த கதை



பீர்க்கன்கரணைவாசியான எனக்குப் பெருங்களத்தூரில் மின்சார ரயில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் தாம்பரம் சானடோரியம். நம் கல்லூரி நாட்களில் அந்தப் பெயரைச் சொன்னாலே 'டி.பி. ஆஸ்பத்திரி' என்று ஒதுங்கிப் போவோம். பச்சைக் குழந்தைகளுக்குச் செய்யும் இதய அறுவைக்கும் அந்த டி.பி.க்கும் நெருங்கிய உறவு உண்டு என்பதைப் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

1928-ல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து அந்த சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-ல் அரசு ஏற்றுக்கொண்டது. அப்பல்லாம் டி.பி.க்கு மருந்து ஏது? நல்ல காற்று, சத்தான சாப்பாடு, ஓய்வு. நோய் முற்றினால் விலா எலும்புகளை எடுத்து நுரையீரலை அமுக்கி வைப்பார்கள். உலகம் முழுக்க, நெஞ்சைத் திறந்து மூடும் கைப்பழக்கம் பெரும்பாலும் இப்படி வந்ததுதான். 1940-களின் கடைசியில் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த அமெரிக்கர் டாக்டர் ரீவ் பெட்ஸ், நெஞ்சு அறுவைக்கென்றே தனித்துறை அமைத்து நம்மூர் டாக்டர்களைப் பழக்கினார்.

அதற்குள் மேல்நாட்டில் குழந்தைகளின் இதயத்தைத் தொட்டுவிட்டார்கள். பிறந்ததும் தானாக மூடவேண்டிய ஒரு ரத்தக்குழாய், சில குழந்தைகளுக்கு மூடாமலே இருந்துவிடும். 1938-ல் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் அதைக் கட்டி மூடினார். 1944-ல் பால்டிமோரில் ஹெலன் டாசிக், விவியன் தாமஸ், ஆல்ஃபிரட் பிளேலாக் மூவரும் சேர்ந்து 'நீலக் குழந்தை'க்கு வழி கண்டார்கள். கைக்குப் போகும் ரத்தக்குழாயை நுரையீரல் குழாயோடு இணைத்தார்கள். இதயத்தின் கோளாறு அப்படியே இருக்கும்; ஆனால் குழந்தைக்கு மூச்சும் சில வருஷ ஆயுளும் கிடைக்கும். இந்த இரண்டு அறுவைக்கும் இதய-நுரையீரல் இயந்திரம் வேண்டாம். வசதி குறைந்த நாடுகளுக்கு அது பெரிய வரம். அந்த இயந்திரத்தை வைத்து அமெரிக்காவில் ஜான் கிப்பன் வெற்றி கண்டது 1953-ல். 1960-களின் தொடக்கத்தில் வேலூரிலும் இதயத்தைத் திறந்து அறுவை செய்தார்கள்.

ஆனால் கணக்கு உதைத்தது. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் எட்டு, ஒன்பது பேருக்கு இதயக் கோளாறு இருக்கும். எல்லாருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது என்றாலும், தேவைப்பட்டவர்களுக்கே மேசை போதவில்லை. அதைவிடக் கொடுமை காலதாமதம். பெரிய ஓட்டையை வருஷக்கணக்கில் விட்டுவைத்தால் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் கெட்டிப்பட்டுவிடும். அதற்கப்புறம் எத்தனை பெரிய சர்ஜனிடம் போனாலும், 'இனிமே ஓட்டையை அடைக்க முடியாதுங்க' என்றுதான் சொல்லுவார். நேரத்தோடு வந்திருந்தால் பிழைத்திருக்கும் பிள்ளை அது!

2008-ல் தமிழக அரசு இளஞ்சிறார் இருதயப் பாதுகாப்புத் திட்டத்தையும், 2009-ல் காப்பீட்டுத் திட்டத்தையும் கொண்டுவந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் ஆபரேஷன் மேசை எட்டியது. ஆனால் பிள்ளையைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தானே?

நம்மில் ஆசிரியர்கள் பலர் உண்டு. இன்றைய மாணவர்களிலும் நாளைக்குப் பலர் ஆவார்கள். பால் குடிக்கையில் வியர்த்து மூச்சு வாங்கும் குழந்தை, எடை ஏறாத குழந்தை, அடிக்கடி நெஞ்சுச்சளி கட்டும் குழந்தை, உதடும் நகமும் நீலம் பாரித்த குழந்தை, ஓடும்போது நடுவிலே குந்தி உட்கார்ந்துவிடும் குழந்தை: இவர்களைப் பார்த்தால் 'மாந்தம், தோஷம்' என்று நாளைக் கடத்தாமல் டாக்டரிடம் கூட்டிப் போகச் சொல்லுங்கள். நெஞ்சைத் திறக்கக் கற்றுக்கொள்ள டாக்டர்களுக்குப் பல வருஷம் பிடித்தது. இந்த அடையாளங்களைக் கற்றுக்கொள்ள நமக்கு ஐந்து நிமிஷம் போதும்.