ஜோ ஃப்ரேசியரின் இடது கை

முகமது அலியைப் பற்றி எழுதுகிற எல்லோரும் ஜோ ஃப்ரேசியருக்கும் இரண்டு பத்தி ஒதுக்கிவிடுகிறார்கள். ஃப்ரேசியரின் கதையை அவர் பிறந்த ஊரிலிருந்து சொல்லத் தொடங்கினால், அலி வந்து சேர்வதற்குள் பாதிக் கதை முடிந்துவிடும். அந்தப் பாதியைத்தான் இந்த வாரம் விரிவாகப் பார்க்கப்போகிறோம்.

1944 ஜனவரி 12 அன்று அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலம் பியூஃபர்ட்டில், குத்தகை நிலத்தில் பாடுபட்ட கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார் ஃப்ரேசியர். அப்பா ரூபின் துப்பாக்கிச் சூட்டில் இடது முன்கையை இழந்தவர். இரண்டு கை வேண்டிய வேலை எதுவானாலும் பக்கத்தில் சின்ன மகன் ஜோ நிற்க வேண்டும். வீட்டில் இருந்த கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் குத்துச்சண்டை பார்க்க அக்கம்பக்கத்தார் கூடுவார்கள். இவன் குத்துச்சண்டை சாம்பியன் ஜோ லூயிஸ் போல ஆவான் என்று உறவினர் ஒருவர் சொன்ன சொல் பையனைப் பிடித்துக்கொண்டது. சாக்குப் பையில் கந்தலும் செங்கல்லும் திணித்து, மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் குத்த ஆரம்பித்தான்.

ஒரு நாள் வீட்டுப் பன்றியைச் சீண்டப் போய், அது துரத்த, ஓடி விழுந்ததில் இடது கை செங்கல்லில் மோதியது. வைத்தியருக்குக் கொடுக்கக் காசில்லை. எலும்பு தானாகக் கூடியது, ஆனால் அந்தக் கை அதற்குப் பிறகு முழுதாக நீளவே இல்லை. முழங்கையை மடக்கி, பக்கவாட்டிலிருந்து சுழற்றி அடிக்கிற அடிக்குப் பெயர் லெஃப்ட் ஹூக். அதற்கு ஏற்ற கோணத்திலேயே மடங்கி நின்றுவிட்டது அந்தக் கை.

பதினைந்து வயதில் ஊரைவிட்டுக் கிளம்பி நியூயார்க் போய், பிறகு ஃபிலடெல்ஃபியாவில் ஓர் இறைச்சிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கொக்கியில் தொங்கிய மாட்டுடல்களைக் குத்திப் பழகியது அங்கேதான். உடம்பு பெருத்துவிட்டதே என்று போலீசார் நடத்திய பயிற்சிக்கூடத்துக்குப் போனவரை யாங்க் டர்ஹம் என்ற பயிற்சியாளர் கவனித்தார். குள்ளம் என்றே சொல்லக்கூடிய ஹெவிவெயிட் வீரர், கையும் நீளமில்லை. எட்ட நின்றால் அடி வாங்குவதைத் தவிர வழியில்லை. ஆகவே தலையையும் தோளையும் அசைத்துக்கொண்டே எதிராளியின் மார்புக்குள் நுழைந்து அடிக்கும் முறையை டர்ஹம் பழக்கினார். எதிராளிக்கு மூச்சுவிட நேரம் தராத முறை அது. அடிப்பவரையும் சேர்த்தே தேய்த்துவிடும் முறையும் அதுதான்.

1964 ஒலிம்பிக் தேர்வில், தம்மைவிடப் பெரிய உடலுடைய பஸ்டர் மாத்திஸிடம் ஃப்ரேசியர் தோற்றார். மாத்திஸுக்குக் கையில் அடிபட்டதால், மாற்று வீரராக இருந்தவருக்கு டோக்கியோவில் இடம் கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் அதோல் மெக்வீன் முதல் சுற்றிலேயே அவரைக் கீழே தள்ளினார். எழுந்து மூன்றாம் சுற்றில் ஆட்டத்தை முடித்தார் ஃப்ரேசியர். அரையிறுதியில் சோவியத் வீரர் எமெல்யானோவை அடித்து வீழ்த்தியபோது அவரது இடது கட்டைவிரல் முறிந்தது. சொன்னால் இறுதிப் போட்டியில் இறங்க விடமாட்டார்கள். வாயைத் திறக்காமல், ஜெர்மனியின் ஹான்ஸ் ஹூபரை வலது கையை நம்பிச் சந்தித்தார். ஐந்து நடுவர்களில் மூவர் ஃப்ரேசியர் பக்கம் நின்றார்கள். அந்த ஒலிம்பிக்கில் அமெரிக்கக் குத்துச்சண்டை அணிக்குக் கிடைத்த ஒரே தங்கம் அது.

பதக்கத்தோடு வீடு திரும்பியவருக்கு விரல் குணமாகும்வரை இறைச்சிக்கூட வேலையும் பார்க்க முடியவில்லை. 1965 ஆகஸ்டில் தொழில்முறை வீரரானார். ஃபிலடெல்ஃபியா வணிகர்கள் சிலர் குளோவர்லே என்று ஒரு நிறுவனம் அமைத்து, பங்கு போட்டு அவருக்குப் பொருளுதவி செய்தார்கள். 1966-இல் அர்ஜென்டினாவின் ஆஸ்கார் பொனவேனா இரண்டாம் சுற்றில் இரு முறை வீழ்த்தியும், பத்துச் சுற்றும் ஆடிப் புள்ளிகளில் வென்றார். வியட்நாம் போருக்கு வர மறுத்த அலியின் பட்டம் பறிக்கப்பட்டபின், 1968-இல் அதே மாத்திஸைப் பதினோராம் சுற்றில் வீழ்த்தி நியூயார்க் மாநில விளையாட்டு ஆணையத்தின் பட்டத்தையும், 1970-இல் ஜிம்மி எல்லிஸை நான்கே சுற்றில் நிறுத்தி முழு உலகப் பட்டத்தையும் பெற்றார். (1980-இல் அலி சென்னைக்கு வந்து காட்சிப் போட்டி ஆடியபோது எதிரே நின்றவர் இந்த எல்லிஸ்தான்.)

பட்டத்தோடு ஆடும் உரிமமும் பறிபோன தடைக்காலத்தில் அலிக்குப் பணம் கொடுத்து உதவியவர் ஃப்ரேசியர். அலிக்கு மீண்டும் உரிமம் கிடைக்க வேண்டும் என்று பேசியவரும் அவரே. அந்த மனிதரை வெள்ளையரின் அடிமை என்றும் கொரில்லா என்றும் அலி மேடைதோறும் ஏசினார். அலியை நானும் நேசிக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. வயல் வேலையிலும் இறைச்சிக்கூடத்திலும் வளர்ந்த ஒருவரை அவருடைய இனத்தார் முன்பே அந்நியராக்கிய பேச்சு அது.

பதில் 1971 மார்ச் 8 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கிடைத்தது. ஆளுக்கு 25 லட்சம் டாலர் ஊதியம்; இருவருமே அதுவரை தோல்வி காணாதவர்கள். பதினைந்தாம் சுற்றில் அந்த மடங்கிய இடது கை கீழிருந்து சுழன்று வந்து அலியின் தாடையில் இறங்கியது. அலி மல்லாந்து விழுந்து எழுந்தார், ஆனால் நடுவர்கள் மூவருமே ஃப்ரேசியருக்கு வெற்றி தந்தார்கள். வென்றவரும் பல நாள் மருத்துவமனையில் கிடந்தார்.

பட்டம் 1973-இல் கிங்ஸ்டனில் போயிற்று. இரண்டே சுற்றுக்குள் ஜார்ஜ் ஃபோர்மன் அவரை ஆறு முறை வீழ்த்தினார். 1974-இல் அலியிடம் புள்ளிகளில் தோல்வி.

1975 அக்டோபர் 1, மணிலா. அமெரிக்கத் தொலைக்காட்சி நேரத்துக்காகக் காலையிலேயே தொடங்கிய ஆட்டம். அரங்கத்துக்குள் தாங்க முடியாத புழுக்கம். ஃப்ரேசியரின் இடது கண்ணில் வெகுநாளாகவே பார்வைக் குறை. மருத்துவச் சோதனைகளில் சாமர்த்தியமாக மறைத்தே காலம் தள்ளியிருந்தார். வலது கண் வீங்கி மூடிக்கொண்டதும், அலியின் குத்துகள் வருவதே தெரியவில்லை. பதினான்காம் சுற்று முடிந்ததும், வளையத்தில் அடிபட்டு இறந்தவர்களை முன்பே கண்டிருந்த பயிற்சியாளர் எடி ஃபட்ச், ஃப்ரேசியர் மறுத்தும் கேளாமல் ஆட்டத்தை நிறுத்தினார். ஃபட்ச் செய்ததுதான் சரி.

மொத்தம் 37 ஆட்டம், 32 வெற்றி, அவற்றில் 27 நாக் அவுட், ஒரு சமநிலை. நான்கு தோல்விகளும் அலி, ஃபோர்மன் இருவரிடம் மட்டுமே. பிறகு நார்த் பிராட் தெருவில் இருந்த தம் கூடத்தில் பல ஆண்டுகள் இளைஞர்களுக்குப் பயிற்சி தந்தார். தொங்கும் இறைச்சியைக் குத்திப் பழகும் ‘ராக்கி’ என்ற சினிமா வீரனுக்கு ஃபிலடெல்ஃபியா எப்போதோ சிலை வைத்துவிட்டது. அதை நிஜமாகவே செய்த ஃப்ரேசியர் 2011 நவம்பரில் கல்லீரல் புற்றுநோயால் இறந்தார். அவருக்கு அந்த ஊரில் சிலை எழுந்தது 2015-இல். அந்த நகரம் வெட்கப்பட வேண்டிய தாமதம் அது.

(தொடரும்)